‘மற்றவை’ என்று எழுதினால் போதுமா?

இடம் இல்லை என்று சொல்கிற ஒரு சாதனம், எதனால் இடம் இல்லாமல் போனது என்பதையும் சொல்லத்தான் வேணும். இதில் பெரிய தொழில்நுட்பக் கோரிக்கை ஒன்றும் இல்லை. வீட்டில் அலுமாரி நிரம்பினால் கதவைத் திறந்து பார்க்கிறோம். அம்மாவின் பழைய சீலைகளா, தம்பியின் உடுப்பா, யாரோ தந்துவிட்டுப் போன பெட்டியா என்று கண்ணால் கண்ட பிறகுதான் எதை எடுக்கிறது, எதை விடுகிறது என்று யோசிக்கிறோம். நாங்கள் கையில் கொண்டு திரிகிற சாதனங்களில் மட்டும் கதவு பூட்டிக் கிடக்கிறது. கதவுக்கு வெளியே ஒரு பட்டை ஒட்டியிருக்கும். கேம்கள் இவ்வளவு, காலியிடம் இவ்வளவு, ‘மற்றவை’ இவ்வளவு. அந்த மூன்றாவதுதான் என் பிரச்சினை.

நான் இங்கே கதைக்கப்போவது ஸ்டீம் டெக் பற்றி. வால்வ் நிறுவனம் 2022 பெப்ரவரியில் வெளியிட்ட, 7 அங்குலத் திரையுள்ள கைக்கணினி. பார்க்க கேம் விளையாடும் பெட்டி மாதிரித்தான் இருக்கும். உள்ளே இருப்பது முழு லினக்ஸ் கொம்பியூட்டர். ஆர்ச் லினக்ஸின் மேல் கட்டின ஸ்டீம்ஓஎஸ் 3 அதில் ஓடுகிறது, டெஸ்க்டொப் நிலைக்கு மாற்றினால் கேடிஈ பிளாஸ்மா வரும். இலங்கையில் வால்வ் இதை நேரடியாக விற்பதில்லை. வெளிநாட்டிலிருந்து மாமாவோ மச்சானோ கொண்டுவந்து தந்தால் உண்டு, இல்லாட்டி பாவித்த ஒன்றை எங்கேயாவது தேடிப் பிடிக்க வேணும். அப்படித் தேடுகிறவருக்குக் கட்டுப்படியாகிறது ஆகக் குறைந்த விலை மொடல், 64 ஜிபி. வெளிவந்தபோது அதன் விலை 399 டொலர், 512 ஜிபி மொடல் 649 டொலர். இந்த 250 டொலர் வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

64 என்று பெட்டியில் எழுதியிருந்தால் 64 கிடைக்குமா? கிடைக்காது. முதலாவது, தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், இயங்குதளம் 1024 ஆக எண்ணுகிறது. அந்தக் கணக்கிலேயே 64 என்பது 59.6 ஆகிவிடும். இரண்டாவது, ஸ்டீம்ஓஎஸ் தன்னை இரண்டு தடவை வைத்துக்கொள்கிறது. 5 ஜிபியில் ஒன்று, அதே அளவில் இன்னொன்று. அப்டேட் ஒன்று பாதியில் குழம்பினால் மற்றதிலிருந்து எழும்பலாம் என்பதற்காக. நல்ல ஏற்பாடுதான், கரண்ட் போய் வருகிற ஊரில் இருக்கிற எங்களுக்கு இதன் அருமை விளங்கும். ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் பாவிக்கிறவருக்கு மிஞ்சுவது 50 ஜிபிக்கும் குறைவு. பால்டர்ஸ் கேட் 3 என்ற ஒரு கேமுக்கு மட்டும் 150 ஜிபி வேணும் என்று அதன் கடைப் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள்.

அதனால் எல்லாரும் செய்வது, ஒரு மைக்ரோஎஸ்டி காட் வாங்கிச் செருகி கேம்களை அதில் போடுவது. இங்கேதான் கதை தொடங்குது. கேம் எல்லாம் காட்டில் இருக்கும். உள் சேமிப்பில் ஒரு கேமும் இராது. ஆனாலும் சில மாதத்தில் உள் சேமிப்பு நிரம்பி நிற்கும். பட்டையைப் பார்த்தால் ‘மற்றவை’ கொழுத்துப் போயிருக்கும்.

அந்த மற்றவைக்குள் முக்கியமாக இரண்டு சங்கதி. ஒன்று ஷேடர் கேஷ். ஒளி, நிழல், தண்ணீர், புகை எல்லாம் திரையில் எப்படித் தெரிய வேணும் என்று கிராபிக்ஸ் சிப்புக்குச் சொல்கிற சின்னச் சின்ன நிரல்கள்தான் ஷேடர். அதை அந்தந்தச் சிப்புக்கு ஏற்றமாதிரி மாற்றி எழுத வேணும். விளையாடிக்கொண்டிருக்கும்போது மாற்றினால் கேம் திக்கித் திக்கி ஓடும். டெக் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே சிப் என்பதால், மாற்றி வைத்ததை வால்வ் முன்கூட்டியே அனுப்பிவிடுகிறது. கேம் நழுவிக்கொண்டு ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது கொம்பாட்டேட்டா என்ற போல்டர். விண்டோஸுக்கு எழுதின கேம்களை லினக்ஸில் ஓட வைப்பது புரோட்டன். அது ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியாக ஒரு பொய் விண்டோஸைக் கட்டிக்கொடுக்கும், சி டிரைவ் உட்பட. கேம் தான் விண்டோஸில்தான் இருக்கிறேன் என்று நம்பி ஓடும். பத்து கேம் போட்டால் பத்துப் பொய் விண்டோஸ். ஸ்டீமுக்கு வெளியிலிருந்து சேர்த்த ஒரு கேமைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டாலும் அதன் பொய் விண்டோஸ் அங்கேயே கிடக்கும், ஆள் காலிபண்ணின வீடு மாதிரி. கேம் காட்டில் இருந்தாலும் இந்த இரண்டும் உள் சேமிப்பிலேயே வந்து குந்துவதால் 64 ஜிபிக்காரர்தான் முதலில் அடிபடுகிறார்.

சரி, போய்ப் பார்க்கலாம் என்று டெஸ்க்டொப்பில் கோப்பு உலாவியைத் திறந்தால் அங்கேயும் ஒன்றும் தெரியாது. இரண்டும் இருப்பது புள்ளியில் தொடங்கும் ஒரு போல்டருக்குள். பெயர் புள்ளியில் தொடங்கினால் லினக்ஸில் அது மறைந்திருக்கும். இந்த வழக்கமே ஒரு தற்செயல் என்று யூனிக்ஸ் உருவாக்கத்தில் இருந்த ரொப் பைக் 2012இல் எழுதியிருந்தார். கோப்புப் பட்டியல் போடும் நிரலில் இரண்டு குறியீடுகளை மட்டும் தவிர்க்க நினைத்து, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சோம்பல் பிறகு உலக வழக்கமாகிவிட்டது. ஆக, உங்கட சாதனத்தில் ஆகக் கூடிய இடத்தைப் பிடிச்சிருக்கிறது, நீங்கள் பார்க்கத் தேவையில்லை என்று மறைத்து வைத்த இடத்திலேயே இருக்கிறது.

ஆனால் லினக்ஸ் என்பதால் கதவைத் திறக்கலாம். என் வாதத்தின் நடு இதுதான். யூனிக்ஸின் முதல் பதிப்பு வந்த 1971இலேயே, எந்த போல்டர் எவ்வளவு பிடிக்குது என்று கூட்டிச் சொல்ல ‘டியூ’ என்ற இரண்டு எழுத்துக் கட்டளை இருந்தது. இன்றைக்கும் டெக்கில் அதே கட்டளை ஓடும். குறை என்னவென்றால் அது எண்களை வரி வரியாகக் கொட்டும். ஆயிரம் வரியைப் பார்த்து எது பெரிசு என்று பிடிக்கிறது சும்மா வேலை இல்லை.

எண்ணைப் படமாக்கின கதை ஒன்று உண்டு. 1990. அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் மனித-கணினி ஊடாட்ட ஆய்வுகூடம். அங்கே 80 எம்பி வன்தட்டு ஒன்றை 14 பேர் பகிர்ந்து பாவித்தார்கள். எம்பிதான், ஜிபி இல்லை. அது அடிக்கடி நிரம்பும், யார் எங்கே நிரப்பினது என்று ஒருவருக்கும் தெரியாது. பென் ஷ்னைடர்மன் என்ற பேராசிரியருக்கு இது மண்டையைக் குடைந்திருக்கிறது. திரை முழுவதையும் ஒரு செவ்வகமாக எடுத்து, ஒவ்வொரு போல்டரின் அளவுக்கும் ஏற்ப அதைத் துண்டு துண்டாகப் பிரித்தார். பெரிய கோப்பு பெரிய கட்டம், சின்னக் கோப்பு சின்னக் கட்டம். ட்ரீமாப் என்று பெயர். இன்றைக்குப் பங்குச்சந்தை நிலவரத்தையும் நாடுகளின் ஏற்றுமதியையும் இதே கட்டங்களில்தான் காட்டுகிறார்கள். எனக்கு இதில் பிடித்தது, அது பிறந்த இடம். பகிர்ந்து பாவிக்கிற ஒரு சின்னத் தட்டு நிரம்பியதால் வந்த எரிச்சலில் பிறந்த கலை அது. ஒரே டெக்கை மூன்று சகோதரங்கள் மாறி மாறிப் பாவிக்கிற வீட்டுக்கு இந்தக் கதையை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

டெக்கில் படம் பார்க்க இப்போது கன வழி இருக்கிறது. டிஸ்கவர் என்ற கடையில் ஃபைல்லைட் இலவசமாகக் கிடைக்கும். நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றி வளையம் வளையமாக உள் போல்டர்கள். முதல் தடவை பார்க்கிறவருக்கு வடிவாகத்தான் இருக்கும். ஒரு சாம்பல் பட்டைக்குப் பதிலாக, வட்டத்தில் அரைவாசியை ஷேடர் கேஷ் பிடித்திருப்பதைக் கண்ணால் காண்பது பெரிய விடுதலை. ஆனால் வளையப் படத்தில் ஒரு ஏமாற்று இருக்கு. ஒரே கோணத்தில் வெட்டின துண்டு, உள் வளையத்தில் இருப்பதைவிட வெளி வளையத்தில் பெரிதாகத் தெரியும். கண் பரப்பைத்தான் அளக்கும், கோணத்தை இல்லை. அதனால் ஆழத்தில் கிடக்கிற போல்டர் உள்ளதைவிடக் கொழுத்தமாதிரித் தெரியும்.

ட்ரீமாப்பில் அந்தக் குறை இல்லை, பரப்புத்தான் அளவு. ஆனால் 27 அங்குலத் திரைக்கு அழகானது 7 அங்குலத்தில் சாந்து பூசின சுவர் மாதிரி ஆகிவிடும். கட்டங்களில் பெயர் எழுத இடம் இராது. மவுஸைக் கொண்டுபோய் மேலே வைத்தால்தான் பெயர் வரும், விரலால் தொட்டால் வராது.

என்னைக் கேட்டால் கைச்சாதனத்துக்கு ஆகச் சிறந்தது ஆக அழகில்லாததுதான். என்சிடியூ. யோரன் ஹேலிங் எழுதினது, கறுப்புத் திரையில் எழுத்து மட்டும். ஒவ்வொரு வரியிலும் ஒரு போல்டர், அதன் அளவு, பக்கத்தில் சின்னப் பட்டை. பெரியது மேலே. டெக்கின் திசைப் பொத்தானாலேயே மேலே கீழே போகலாம், உள்ளே நுழையலாம், வெளியே வரலாம். ஸ்டீம்ஓஎஸ் தன் அடிப்படைப் பகுதியைப் பூட்டி வைத்திருந்தாலும் பிரச்சினை இல்லை, ஒரே கோப்பாக இறக்கி உங்கட போல்டரிலேயே வைத்து ஓட்டலாம். படம் என்றால் வட்டமும் கட்டமும்தான் என்று இல்லை. பெரியதில் இருந்து சின்னதுக்கு ஒழுங்குபடுத்தின பட்டியலும் படம்தான்.

எந்தக் கருவியானாலும் அது எந்த அறையைக் காட்டுது என்று பார்க்க வேணும். இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. 2009இல் வந்த நோக்கியா என்900, மேமோ என்ற லினக்ஸில் ஓடின போன். 32 ஜிபி சேமிப்பு, அந்தக் காலத்துக்கு அரச வாழ்க்கை. ஆனால் இயங்குதளம் இருந்தது தனியாக 256 எம்பி சிப் ஒன்றில். நாலைந்து செயலி போட்டதும் அது நிரம்பிவிடும். மற்றப் பக்கம் 27 ஜிபி வெறிச்சோடிக் கிடக்கும்போதே போன் இடம் இல்லை என்று சொல்லும். அதற்கு மேமோ சமூகம் கண்ட வழி, செயலிகளின் பாரமான பகுதிகளைப் பெரிய அறைக்கு நகர்த்திவிட்டு, பழைய இடத்தில் இருக்கிறமாதிரிக் காட்டுவது. இப்போது டெக்கைப் பாருங்கள். அதில் இயங்குதளம் எழுதுகிற ‘வார்’ என்ற பகுதிக்கு ஒதுக்கியிருப்பதும் 256 எம்பிதான். அதே இலக்கம், 13 வருசத்துக்குப் பிறகு. நிரம்பாமல் இருக்க டெக்கும் அதே வித்தையைச் செய்கிறது. பாரமானவற்றை ஹோம் பகுதிக்குள் ஒரு மறைந்த போல்டருக்கு அனுப்பிவிட்டு, பழைய இடத்தில் இருப்பதாகக் காட்டுகிறது. அதனால் உங்கட போல்டரை மட்டும் ஸ்கேன் பண்ணிவிட்டு ‘கணக்கு இடிக்குதே’ என்று குழம்பாதீர்கள். டிஸ்கவரில் போட்ட செயலிகள் பக்கத்து அறையில் இருக்கின்றன. ஹோம் பகுதி முழுவதையும் ஸ்கேன் பண்ணினால்தான் உண்மை வரும்.

இதுவரைக்கும் படத்தைப் புகழ்ந்தேன். இனி அதன் மேல் எனக்கிருக்கிற கோபம்.

படம் பாரத்தைக் காட்டும், பெறுமதியைக் காட்டாது. கொம்பாட்டேட்டாவைத் திறந்தால் உள்ளே பெயர்கள் இல்லை, இலக்கங்கள்தான். 1245620 என்றால் எல்டன் ரிங். இதை யார் பாடமாக்கி வைத்திருப்பது? அந்த இலக்கத்துக்குள்தான் நான் சொன்ன பொய் விண்டோஸ். அதற்குள் சி டிரைவ், அதற்குள் யூசர்ஸ், அதற்குள் ஸ்டீம்யூசர். ஸ்டீம் கிளவுட் வசதி இல்லாத கேம் என்றால் நீங்கள் ஐம்பது, நூறு மணித்தியாலம் விளையாடின சேவ் கோப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதன் அளவு சில எம்பியாக இருக்கலாம், சிலவேளை அதுவும் இல்லை. ஃபைல்லைட் வட்டத்தில் அது ஒரு கோடாகக்கூடத் தெரியாது. படத்தைப் பார்த்து ‘இந்தப் பெரிய துண்டை வெட்டினால் சரி’ என்று வெட்டுகிறவர், தெரியாத அந்தக் கோட்டையும் சேர்த்து வெட்டுகிறார். பொய் விண்டோஸ் திரும்ப வரும். சேவ் வராது.

ஆகவே சாதனம் செய்கிறவர்கள் காட்ட வேண்டியது மூன்று வகை. தானாகத் திரும்ப உருவாகிறது எது, திரும்ப இறக்கலாம் என்பது எது, போனால் போனதுதான் என்பது எது. மூன்றுக்கும் மூன்று நிறம், இலக்கத்துக்குப் பதிலாகக் கேமின் பெயர். இது ரொக்கெட் விஞ்ஞானம் இல்லை, ஏனென்றால் எந்த இலக்கம் எந்த கேம் என்று ஸ்டீமுக்குத் தெரியும். கிளவுட்டில் சேவ் இருக்கா இல்லையா என்றும் தெரியும். தெரிந்த ஒருவர் ‘மற்றவை’ என்று எழுதினால் அது சோம்பல். அந்தச் சோம்பலின் செலவு பாவிக்கிறவரின் தலையில், மேலே சொன்ன 250 டொலராக.

இரண்டாவது வகை பற்றி எங்கட பக்கத்தில் இருந்து ஒன்று சொல்ல வேணும். ‘கேமை அழியுங்கோ, வேணும் என்றால் திரும்ப இறக்கலாம்’ என்பது எல்லையில்லாத இணைய இணைப்பு இருக்கிறவர் சொல்கிற அறிவுரை. மாத டேட்டாவை அளந்து பாவிக்கிற, இரவு டேட்டா தொடங்கும் வரைக்கும் அலாரம் வைத்து முழித்திருக்கிற வீட்டில் 60 ஜிபி என்பது ஒரு மாதத்தின் தீர்மானம். ஷேடர் கேஷும் அப்படித்தான். அழித்தால் திரும்ப வரும் என்பது உண்மை, ஆனால் அதில் ஒரு பகுதி திரும்ப இறங்கித்தான் வரும். தட்டில் மிச்சம் பிடித்ததை டேட்டாவில் கட்டுவீர்கள். (முன்கூட்டி இறக்குவதை டெஸ்க்டொப் நிலையில் ஸ்டீமின் அமைப்புகளுக்குப் போய் நிறுத்தலாம். சில கேம் ஆரம்பத்தில் கொஞ்சம் திக்கும், அவ்வளவுதான்.)

‘சாதாரண ஆக்களுக்கு இதெல்லாம் காட்டினால் குழம்பி எதையாவது அழித்துவிடுவார்கள்’ என்று ஒரு வாதம் வரும். எனக்கு அது எடுபடவில்லை. காட்டாமல் விட்டதால்தான் ஆக்கள் கூகிளில் தேடி, யாரோ எழுதின கட்டளையை விளங்காமலே ஒட்டுகிறார்கள். ஒழுங்காகக் காட்டினால் அப்படிச் செய்யத் தேவை வராது. வட்சப்பைப் பாருங்கள். 2020இல் அதன் சேமிப்புப் பக்கத்தை மாற்றினார்கள். பெரிய கோப்புகள் ஒரு பக்கம், பலதடவை ஃபோர்வேட் பண்ணப்பட்டவை இன்னொரு பக்கம், பிறகு எந்த ஆள், எந்தக் குழு எவ்வளவு என்று பட்டியல். குடும்பக் குழுவின் காலை வணக்கப் பூக்களை எங்கட அம்மம்மாவே அதில் போய் அழிக்கிறா. அவவுக்கு ஒரு குழப்பமும் இல்லை, ஏனென்றால் அது எண்ணை மட்டும் காட்டவில்லை, அது என்ன என்றும் காட்டுது.

அதே போனில் வட்சப்பை விட்டு வெளியே வந்தால் நிலைமை வேறு. ஆன்ட்ராய்டின் அடியிலும் லினக்ஸ் கேர்னல்தான். ஆனால் 2020இல் வந்த ஆன்ட்ராய்டு 11இல் இருந்து, ஒரு செயலியின் டேட்டா போல்டருக்குள் இன்னொரு செயலி எட்டிப் பார்க்க முடியாது. உங்கட விபரத்தை வேறு செயலி களவெடுக்காமல் இருக்க என்கிறார்கள், நியாயம் இருக்கு. ஆனால் அதோடு, முழுப் போனையும் படமாகக் காட்டின செயலிகளும் குருடாகிவிட்டன. கள்ளனுக்குப் போட்ட பூட்டு வீட்டுக்காரனுக்கும் விழுந்துவிட்டது. அதனால்தான் டெக் மாதிரி ஒன்றில் இந்த விசயத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிறேன். கதவு இன்னும் திறந்திருக்கிற மிகச் சில கைச்சாதனங்களில் அது ஒன்று.

வால்வ் செய்யாததில் கொஞ்சத்தைத் தன்னார்வலர்கள் ஏற்கனவே செய்திருக்கிறார்கள். டெக்கி லோடர் என்ற சமூகத் திட்டத்தைப் போட்டால், அதில் ஸ்டோரேஜ் கிளீனர் என்று ஒரு சின்னச் செருகுநிரல் கிடைக்கும். டெஸ்க்டொப்புக்குப் போகாமலே எந்தக் கேமின் ஷேடர் கேஷ் எவ்வளவு, கொம்பாட்டேட்டா எவ்வளவு என்று காட்டும், தெரிவு செய்து அழிக்கலாம். முழு ஓய்வு நேரத்தில் இதைச் செய்கிறவர்களால் முடிகிறது என்றால், கம்பனிக்கு முடியாமல் இருக்க நியாயம் இல்லை.

இன்றைக்கே உங்கட டெக்கைப் பார்க்கப்போகிறீர்கள் என்றால் இந்த ஒழுங்கில் பாருங்கள். முதலில் குப்பைத்தொட்டி. டெஸ்க்டொப்பில் அழித்தது எல்லாம் அங்கேதான் போய்க் கிடக்கும், காலியாக்கும் வரைக்கும் ஒரு எம்பியும் திரும்பி வராது. பிறகு ஹோம் பகுதி முழுவதையும் ஃபைல்லைட்டிலோ என்சிடியூவிலோ திறவுங்கள். என்சிடியூவில் ‘டி’ எழுத்தை அழுத்தினால் அழிக்கும், அதனால் சிறிய ‘ஆர்’ தெரிவோடு தொடங்குங்கள், பார்க்க மட்டும் விடும். கொம்பாட்டேட்டாவில் எதைத் தொடுவதாக இருந்தாலும், அதற்கு முதல் உள்ளே இருக்கிற ஸ்டீம்யூசர் போல்டரை ஒரு பென் டிரைவுக்குக் கொப்பி பண்ணி வையுங்கள். கொப்பி பண்ணின போல்டருக்கு இலக்கத்தை இல்லை, கேமின் பெயரை வையுங்கள்.